கப்பல் கட்டணம் கொடுத்தது யார்?

கேள்வி: திருமணமாகித் தென் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் வசிக்கிறேன். என் கணவரின் குடும்பம் ஆங்கிலேய வம்சாவளி. ஏழாம் வகுப்பில் படிக்கும் எங்கள் மகளுக்குக் குடும்ப வரலாறு எழுதிவரச் சொல்லிப் பள்ளியில் வேலை கொடுத்திருக்கிறார்கள். என் மாமனார் ஒரு தகரப் பெட்டியை எடுத்துக் கொடுத்தார். அவருடைய தாத்தாவுக்குத் தாத்தா 1839இல் வில்ட்ஷயர் கிராமம் ஒன்றிலிருந்து இங்கே வந்தவர். பெட்டியில் குடும்ப பைபிளின் ஒரு பக்கம் இருக்கிறது. 1838இல் திருமணம், ஒன்பது குழந்தைகளின் பிறந்த தேதி, மூன்று பெயர்களுக்குப் பக்கத்தில் சிலுவைக்குறி. முதல் பெண் 1839 ஆகஸ்டில் பிறந்திருக்கிறாள், ஊர்ப்பெயர் இல்லை. தந்தையின் பெயரே வைத்த மகன் 1845இல் பிறந்திருக்கிறான். ஓரூரூ என்ற ஊருக்கு வடக்கே 640 ஏக்கர் நிலத்துக்கான 1876ஆம் ஆண்டுக் காகிதம் ஒன்றும், 1888இல் வந்த மரணச் செய்தித் துண்டு ஒன்றும் உள்ளன. நிலக் காகிதத்தின் படத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பைபிள் பக்கத்தை லேமினேட் செய்யப்போகிறேன். "சொந்தக் காசில் கப்பலேறினார், பர்ரா சுரங்கத்துக்கு மாட்டு வண்டி ஓட்டினார், தங்கம் தோண்டினார், யாருமில்லாத காட்டைத் திருத்திக் கோதுமை போட்டார், யாருக்கும் கடன்படாத மனிதர்" என்று மாமனார் பெருமையாகச் சொல்கிறார். இதில் எவ்வளவு உண்மை, எங்கே தேடுவது? "யாருமில்லாத காடா, அம்மா? அங்கே இருந்தவர்கள் எங்கே போனார்கள்?" என்று மகள் கேட்கிறாள். அதற்கு என்ன சொல்வது? மருமகளாக வந்த நான் இதையெல்லாம் கிளறலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டும் வேறுவேறு என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். குடும்பங்களின் பழைய காகிதங்களைப் படித்துச் சொல்வதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவை இரண்டுக்கும் பதில் ஒரே கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. எனவே கப்பல் கட்டணத்திலிருந்து தொடங்குகிறேன்.

1830களில் வில்ட்ஷயரில் பண்ணைக் கூலிக்கு வாரத்துக்கு ஏழெட்டு ஷில்லிங் கிடைத்தால் பெரிது. இங்கிலாந்திலேயே மிகக் குறைந்த கூலி வாங்கிய மாவட்டங்களில் அதுவும் ஒன்று. கதிரடிக்கும் இயந்திரங்கள் வந்து குளிர்கால வேலையைப் பறித்துக்கொண்டபோது, 1830 நவம்பரில் அங்குள்ள கூலிகள் கூட்டம் கூட்டமாகப் போய் இயந்திரங்களை உடைத்தார்கள். பிடிபட்டவர்களில் பலர் மறு ஆண்டே கைதிகளாக ஆஸ்திரேலியாவுக்கு ஏற்றப்பட்டார்கள். 1834இல் ஏழைகள் நிவாரணச் சட்டமும் மாறியது. உதவி வேண்டுமானால் ஏழை விடுதிக்குள் போ, அங்கே கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம் என்று ஆனது. 1838இல் திருமணம் செய்துகொண்ட ஒரு பண்ணைக் கூலி மறு ஆண்டே உலகத்தின் மறுகோடிக்குக் கிளம்பியதற்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவும் தேட வேண்டியதில்லை.

அந்தக் கூலியில், இரண்டு பேருக்கான கப்பல் கட்டணத்தை அவர் சேர்த்திருக்க முடியுமா? ஒருவருக்கான கட்டணமே கிட்டத்தட்ட ஓராண்டுக் கூலி. வீட்டில் வசதி இருந்ததற்கான சான்று எதுவும் பெட்டியில் இல்லாதவரை, அவர் இலவசப் பயணத்தில் வந்தவர் என்றே நான் எடுத்துக்கொள்வேன். அதைச் சரிபார்க்க வழியும் இருக்கிறது. தென் ஆஸ்திரேலியாவுக்கு இலவசப் பயணம் கேட்டு 1836 முதல் 1841 வரை விண்ணப்பித்த தொழிலாளர்களின் பதிவேடு லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக உள்ளது. பெயர், தொழில், ஊர், மனைவி மக்கள் என்று வரிவரியாக எழுதியிருப்பார்கள். ஆஸ்திரேலியா தொடர்பான பிரிட்டிஷ் ஆவணங்களைப் படச்சுருளில் எடுத்த கூட்டுத் திட்டத்தில் இதுவும் படியெடுக்கப்பட்டு, இப்போது ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்தில் காசில்லாமல் பார்க்கக் கிடைக்கிறது. தேடும்போது பெயரின் எழுத்துகளைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். விண்ணப்பதாரர் வாயால் சொல்ல, எழுத்தர் தன் காதில் விழுந்தபடி எழுதினார். ஊரையும் தொழிலையும் வைத்துத்தான் ஆளை உறுதிசெய்ய வேண்டும். பதிவேட்டில் பெயர் இருப்பதனாலேயே கப்பலேறினார் என்றும் ஆகிவிடாது. விண்ணப்பித்துவிட்டுப் போகாமல் இருந்தவர்களும் நிறையப் பேர்.

இனி, அந்த இலவசத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்ப்போம். பிரிட்டிஷ் அரசு தன் கருவூலத்திலிருந்து கொடுக்கவில்லை. எட்வர்ட் கிப்பன் வேக்ஃபீல்ட் என்பவர், பணக்கார வீட்டுச் சிறுமி ஒருத்தியைக் கடத்தித் திருமணம் செய்த குற்றத்துக்காக நியூகேட் சிறையில் இருந்தபோது வகுத்த யோசனை இது. குடியேற்ற நாட்டில் நிலத்தை இலவசமாகக் கொடுத்தால் கூலி வேலைக்கு ஆள் கிடைக்காது. நிலத்துக்கு ஒரு விலை வை, அந்த விலையைக் கொண்டு இங்கிலாந்தின் ஏழைகளைக் கப்பலேற்று, வந்தவர்கள் சில ஆண்டுகள் கூலி வேலை செய்து பணம் சேர்த்துப் பிறகு நிலம் வாங்கட்டும் என்பது அதன் சாரம். 1834இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தென் ஆஸ்திரேலியச் சட்டம் இந்த யோசனையின் மேல்தான் நின்றது. கைதிகளை அங்கே அனுப்புவதில்லை என்பதும் அதே சட்டத்தில் உண்டு. ஏக்கர் ஒரு பவுண்டு என்று நிலம் விற்றது. அந்தப் பணம் குடியேற்ற நிதிக்குப் போனது. நிதியிலிருந்து கப்பல்காரருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கொடுத்தார்கள்.

விற்கப்பட்ட நிலம் யாருடையது? அடிலெய்ட் சமவெளி கௌர்னா மக்களின் நாடு. கர்னல் வில்லியம் லைட் 1837இல் நகரத்துக்கு அளவுக்கல் நட்ட இடத்துக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் தர்ன்தான்யா. அவர்களிடம் யாரும் விலை பேசவில்லை. இத்தனைக்கும் 1836 பிப்ரவரியில் அரசர் முத்திரையிட்ட சாசனத்தில், அந்த நாட்டின் பூர்வகுடிகள் தாங்கள் வாழ்ந்து அனுபவித்துவரும் நிலத்தின் மேல் கொண்ட உரிமைக்கு இதில் எதுவும் ஊறு செய்யாது என்று தெளிவாக எழுதியிருந்தது. எழுதியவர்களும் விற்றவர்களும் அதை அறிந்தே விற்றார்கள்.

ஆக, சகோதரி, உங்கள் மாமனாரின் முன்னோர் கப்பலில் கால் வைப்பதற்கு முன்பே, தான் ஒரு பிடி மண்ணும் வாங்குவதற்கு நெடுநாள் முன்பே, கௌர்னா நிலத்தின் விலை அவர் பயணச்சீட்டாக மாறியிருந்தது. உங்கள் மகள் கேட்ட கேள்வி 1876ஆம் ஆண்டுக் காகிதத்தில் தொடங்குவதாக நீங்கள் நினைக்கிறீர்கள். அது 1839இலேயே தொடங்கிவிட்டது. அவர் அந்தக் கணக்கை எழுதியவர் அல்ல, அதனால் பிழைத்தவர். சட்டத்தை இயற்றிய சபைக்கு வாக்களிக்கும் உரிமைகூட அவருக்குக் கிடையாது. ஆனால் நிதி எங்கிருந்து வந்ததோ அங்கிருந்துதான் வந்தது. இந்த இரண்டையும் சேர்த்து எழுத முடிந்தால் உங்கள் மகளின் கட்டுரை பல பெரியவர்கள் எழுதியதைவிட நேர்மையாக இருக்கும்.

கப்பலைக் கண்டுபிடிப்பது சற்றுக் கடினம். 1840களின் நடுப்பகுதிக்குப் பிறகு வந்த அரசு உதவிக் கப்பல்களுக்கு அதிகாரபூர்வப் பட்டியல்கள் இருக்கின்றன. அதற்கு முந்தையவை பெரும்பாலும் இல்லை. 1839ஆம் ஆண்டுச் செய்தித்தாள்கள் மேல்தட்டுப் பயணிகளின் பெயர்களை வெளியிட்டு, கீழ்த்தளத்தில் வந்தவர்களைத் தலையெண்ணிக்கையாக மட்டும் முடித்துவிடும். உங்களுக்கு ஒரு பிடி கிடைத்திருக்கிறது: ஆகஸ்டில் பிறந்த அந்த முதல் பெண். பயணம் நான்கு மாதம் அளவில் நீடிக்கும். அவர்கள் அந்த ஆண்டின் நடுவில் புறப்பட்டிருந்தால் அவள் கடலில் பிறந்தவள். ஊர்ப்பெயர் எழுதப்படாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். கப்பல் வந்து சேர்ந்ததும் வழியில் எத்தனை பிறப்பு, எத்தனை இறப்பு என்று செய்தித்தாள்கள் குறிப்பிடுவது வழக்கம். சவுத் ஆஸ்திரேலியன் ரிஜிஸ்டர் இதழின் 1839 செப்டம்பர் முதல் டிசம்பர் வரையிலான பக்கங்களை ட்ரோவில் ஒவ்வொன்றாகப் புரட்டுங்கள். பிறகு அடிலெய்ட் டிரினிட்டி தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவுகளைப் பாருங்கள். இங்கே பிறப்பு இறப்பைச் சட்டப்படி பதிவது 1842 ஜூலையில்தான் தொடங்கியது. அதற்கு முன் தேவாலயப் பதிவே சான்று. குடும்பம் மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்ததாக இருந்தால் அந்தச் சபையின் பதிவுகளில் தேட வேண்டியிருக்கும்.

அவர்கள் இறங்கிய இடத்தைப் பற்றி மகளுக்குச் சொல்லுங்கள், அவள் அந்த நகரத்திலேயே வளர்கிறாள். இன்றைய போர்ட் அடிலெய்ட் துறைமேடை 1840 அக்டோபரில்தான் திறந்தது. 1839இல் வந்தவர்கள் இறங்கியது சதுப்பும் கொசுவுமாகக் கிடந்த பழைய துறையில். வந்தவர்களே அதற்குத் துயரத் துறை என்று பெயர் வைத்தார்கள். பல இடங்களில் மாலுமிகள் பெண்களையும் பிள்ளைகளையும் முதுகில் சுமந்து சேற்றைக் கடந்தார்கள். நகரத்தின் மேற்குப் பூங்கா வெளியில் பலகைக் குடில்கள் வரிசையாக நின்ற குடியேறிகள் முகாம் இருந்தது. ஏழைக் குடும்பங்களுக்கு முதல் கூரை அங்கேதான். இப்போது அவள் பள்ளி விளையாட்டுக்குப் போகிற புல்வெளியாகவும் அது இருக்கக்கூடும்.

வந்த இரண்டே ஆண்டில் குடியேற்ற நாடு திவாலானது. ஆளுநர் காலர் எழுதிய உண்டியல்களை (பணம் கொடுக்கச் சொல்லும் சீட்டுகளை) லண்டன் ஏற்க மறுத்து, 1841 மே மாதம் ஜார்ஜ் கிரே என்ற இளம் அதிகாரியை அவர் இடத்தில் உட்கார வைத்தது. அரசுக் கட்டட வேலைகள் நின்றன, நிவாரணக் கூலி குறைந்தது, நகரத்துக் கூலிகள் கிராமத்துக்குப் போனார்கள். அதே ஆண்டு தென் ஆஸ்திரேலியாவில் எடுத்த மக்கள்தொகைக் கணக்கின் தாள்கள் தப்பியிருக்கின்றன. அவர் எந்த மாவட்டத்தில் இருந்தார் என்பதை அதில் பாருங்கள். பின்னால் எடுத்த கணக்குகளின் வீட்டுத் தாள்கள் அழிக்கப்பட்டுவிட்டதால், ஆஸ்திரேலியாவில் இது அரிய வாய்ப்பு. அதே ஆண்டு ஜூனில் இங்கிலாந்தில் எடுத்த கணக்கில் அவருடைய பெற்றோரையும், ஊரில் தங்கிவிட்ட சகோதரர்களையும் தேடலாம்.

பர்ராவைப் பற்றி மாமனார் சொல்வதை நான் நம்புகிறேன். 1845இல் அங்கே தாமிரம் கிடைத்தது. அடிலெய்டுக்கு 160 கிலோமீட்டர் வடக்கே. ரயில் வருவதற்கு முன் தாதுவைத் துறைமுகம் சேர்க்கப் பெரும்பாலும் மாட்டு வண்டிகளையே நம்பினார்கள். சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள் பெரும்பாலும் அந்தத் தொழிலைப் பரம்பரையாக அறிந்த கார்ன்வால்காரர்கள். வில்ட்ஷயரிலிருந்து வந்த உழவுக் கூலிக்கு வண்டியோட்டமும் விறகு வெட்டும்தான் கைவந்த வேலை. ஆனால் இந்தக் கதையை எப்போதும் வண்டியின் மேல் உட்கார்ந்தே சொல்கிறார்கள். வண்டி கிளம்பிப் போன பிறகு வீட்டில் இருந்தவர்கள் எங்கே இருந்தார்கள்? பர்ராவில் வீடு போதவில்லை. ஓடைக்கரை மண்ணைக் குடைந்து, வாசலுக்குச் சாக்குத் தொங்கவிட்டு, பீப்பாயைப் புகைபோக்கியாக்கி ஏறத்தாழ 1800 பேர் 1851இல் அந்தக் கரைக்குள் வாழ்ந்தார்கள். குடிதண்ணீரும் கழிவுநீரும் ஒன்றாக ஓடிய அந்த இடத்தில் காய்ச்சல் குழந்தைகளை வாரிக்கொண்டு போனது. 1851இல் ஓடை பெருகி வீடுகளுக்குள் புகுந்தது.

பைபிள் பக்கத்தில் சிலுவைக்குறி போட்ட மூன்று பெயர்களுக்கு இறந்த தேதி இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் 1848க்கும் 1852க்கும் இடையில் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் பர்ராவின் இறப்புப் பதிவுகளிலும் அடக்கப் பதிவேட்டிலும் தேடுங்கள். அந்தத் தாய் தன் பிள்ளைகளை எங்கே விட்டுவிட்டு வந்தாள் என்பது, கணவர் எத்தனை டன் தாது ஏற்றினார் என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பைபிள் பக்கத்தைப் பற்றி இன்னொன்று. அந்த பைபிள் முழுதாக எங்காவது உறவினர் வீட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். முகப்புப் பக்கத்தில் அச்சிட்ட ஆண்டு இருக்கும். 1860இல் அச்சான புத்தகத்தில் 1838ஆம் ஆண்டுத் திருமணம் எழுதியிருந்தால் அது நினைவிலிருந்து எழுதியது. ஒன்பது பிறப்புகளும் ஒரே மையில் ஒரே கையெழுத்தில் இருந்தாலும் அப்படித்தான். அதனால் அது பொய்யாகிவிடாது. ஆனால் மாதமும் ஆண்டும் ஒன்றிரண்டு தள்ளியிருக்கலாம் என்று எண்ணிக்கொண்டு தேட வேண்டும். முதல் பெண்ணின் ஆகஸ்ட் மாதத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

தங்கத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1851இல் பக்கத்துக் குடியேற்ற நாடான விக்டோரியாவில் தங்கம் கிடைத்ததும் தென் ஆஸ்திரேலியாவின் ஆண்கள் அலை அலையாகப் போனார்கள். மாதம் 30 ஷில்லிங் உரிமக் கட்டணம். சேறு, வயிற்றுப்போக்கு, அதிருஷ்டம். போனவர்கள் பணத்தை இங்கே கொண்டுவர வேண்டும் என்பதற்காக அடிலெய்ட் அரசு தங்கத்துக்கு மெல்போர்னைவிட நல்ல விலை வைத்தது. டால்மர் என்ற காவல் அதிகாரி 1852 மார்ச்சில் மவுன்ட் அலெக்சாண்டரிலிருந்து முதல் தங்க வண்டியைக் காவலோடு ஓட்டி வந்தார். அந்த ஆண்டுச் செய்தித்தாள்களில், காவல் வண்டியில் தங்கம் அனுப்பியவர்கள் பற்றிய செய்திகளில் அவர் பெயர் இருக்கிறதா என்று தேடலாம். கிடைக்காவிட்டால் வருந்த வேண்டாம். பைபிளில் 1852 முதல் 1854 வரை குழந்தைப் பிறப்பில் இடைவெளி இருந்தால், அந்தக் காலத்தில் அவர் வீட்டில் இல்லை என்று ஊகிக்க அதுவே இடம் கொடுக்கும்.

இப்போது 1876ஆம் ஆண்டுக் காகிதம். நீங்கள் அனுப்பிய படத்தை நிதானமாகப் பார்த்தேன். அது கிரயப் பத்திரம் இல்லை, கிரய ஒப்பந்தம். நம் ஊரில் இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் உங்களுக்குத் தெரியும். முன்பணம் கட்டி, மீதியைப் பிற்பாடு கட்டுவதாகவும், நிலத்தில் குடியிருந்து குறிப்பிட்ட அளவு உழுவதாகவும் அரசோடு செய்த கடன் ஒப்பந்தம் அது. கடனில் நிலம் கொடுக்கும் முறையை 1869இல் ஸ்ட்ராங்வேஸ் சட்டம் கொண்டுவந்தது. பெரிய ஆட்டுப்பண்ணைகள் குத்தகைக்கு வைத்திருந்த வெளிகளை அரசு திரும்ப எடுத்து, உழவர்களுக்குத் துண்டுபோட்டுத் தந்தது. "யாருக்கும் கடன்படாதவர்" என்ற வரி இங்கே நிற்காது. தவணை முடித்துப் பத்திரம் வாங்கினாரா என்று அறிய, காகிதத்தில் உள்ள பிரிவு எண்ணையும் ஹண்ட்ரெட் (நில அளவைக்கான வட்டாரப் பிரிவு) பெயரையும் குறித்துக்கொண்டு நிலப்பதிவு அலுவலகத்தில் தேட வேண்டும். 1858இல் ராபர்ட் ரிச்சர்ட் டாரன்ஸ் கொண்டுவந்த சட்டத்துக்குப் பிறகு இங்கே நில உரிமைச் சான்றுகள் ஒழுங்காக இருக்கின்றன. (அவருடைய தந்தை ராபர்ட் டாரன்ஸ்தான், நிலத்தை விற்றுக் குடியேறிகளைக் கப்பலேற்றிய ஆணையத்தின் தலைவராக இருந்தவர். தந்தை விற்றார், மகன் பத்திரம் எழுதினார்.)

அந்தக் காகிதத்தில் கையொப்பமிட்டவர் உங்கள் முன்னோர்தானா என்பதும் எனக்குச் சந்தேகம். 1838இல் திருமணமானவருக்கு 1876இல் ஏறக்குறைய அறுபது வயது ஆகியிருக்கும். அந்த வயதில் புதிதாக 640 ஏக்கர் எடுத்துக் காடு திருத்தக் கிளம்புவது நடக்காததில்லை, அபூர்வம். பைபிளில் அதே பெயரில் 1845இல் பிறந்த மகன் இருக்கிறான். 1876இல் அவனுக்கு 31 வயது. மாமனார் சொல்லும் அந்த ஒரு மனிதர் அநேகமாக இரண்டு மனிதர்கள். கப்பலில் வந்து வண்டி ஓட்டியவர் தந்தை, வடக்கே போய் நிலம் எடுத்தவர் மகன். ஒரே பெயர் தலைமுறை கடந்து வரும்போது கதைகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சரிபார்க்க, 1838ஆம் ஆண்டுத் திருமணப் பதிவை எடுங்கள். இங்கிலாந்தில் 1837 ஜூலையிலிருந்து திருமணப் பதிவில் இருவரின் தந்தை பெயரும் தொழிலும் உண்டு. இங்கிலாந்துப் பொதுப் பதிவகத்தின் சான்றிதழ் நகலெடுத்து எழுதியது. மணமக்கள் தம் கையால் போட்டது வேண்டுமானால், சிப்பன்ஹாமில் உள்ள வில்ட்ஷயர் வரலாற்று மையத்தில் தேவாலயப் பதிவேட்டின் மூலப் பக்கத்தைக் கேளுங்கள். அங்கே மணமகன் வெறும் கீறல் போட்டிருந்து, இங்கே 1876இல் அழகான கையெழுத்து இருந்தால் விஷயம் ஏறக்குறைய முடிந்தது.

மகன் அங்கே நொடித்திருந்தால், அதற்கு அவருடைய சோம்பலோ குடியோ காரணம் என்று குடும்பத்தில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1865 வறட்சியில் அளவைத் தலைவர் ஜார்ஜ் கோய்டர் குதிரையில் வடக்கே போய், மழை நம்பக்கூடிய நிலம் எங்கே முடிகிறது என்று செடிகொடிகளைப் பார்த்தே ஒரு கோடு வரைந்தார். அதற்கு அப்பால் ஆடு மேய்க்கலாம், கோதுமை போடாதீர்கள் என்றார். பிறகு சில நல்ல மழை ஆண்டுகள் வந்தன. ஏர் போகும் இடத்துக்கு மழை பின்னாலேயே வரும் என்று பேசத் தொடங்கினார்கள். 1874இல் அரசு கோட்டைத் தாண்டி நிலம் கொடுத்தது. 1880இல் தொடங்கிய வறட்சி அந்தக் குடும்பங்களை வேரோடு பிடுங்கியது. ஓரூரூவுக்கு வடக்கே இன்றும் கூரையில்லாத கல்வீடுகள் நிற்கின்றன. ஒருமுறை மகளை அழைத்துப் போங்கள்.

அந்த வடக்கும் யாருமில்லாத காடு அல்ல. பர்ராவிலிருந்து ஓரூரூ வரை அது ங்காஜூரி மக்களின் நாடு. உழவர்களுக்கு முன்னால் ஆட்டுப்பண்ணைகள் வந்தன, நீரூற்றுகளைப் பிடித்துக்கொண்டன. அதற்கும் முன்னால் பெரியம்மை மரே ஆற்றின் வழியாக இறங்கி மக்களைக் கொன்றிருந்தது. பிரிட்டிஷ் அரசின் வற்புறுத்தலால், 1851இல் கொடுத்த ஆட்டுப்பண்ணைக் குத்தகைகளில் ஆதிக்குடிகள் அந்த நிலத்தில் தங்கவும் வேட்டையாடவும் தண்ணீர் எடுக்கவும் உரிமை உண்டு என்று ஒரு விதி சேர்க்கப்பட்டது. பண்ணை நிலம் கோதுமை நிலமாக மாறி வேலி விழுந்தபோது அந்த விதி காக்க இடமில்லாமல் போயிற்று. "அங்கே இருந்தவர்கள் எங்கே போனார்கள்" என்று மகள் கேட்டதற்கு இதுதான் நேரடியான பதில்: நோயில் பலர் இறந்தார்கள், சிலர் கொல்லப்பட்டார்கள், பலர் தம் நிலத்திலேயே பண்ணைகளில் கூலிகளாகவும் மாவு ரேஷன் வாங்குபவர்களாகவும் இருந்தார்கள், மிஷன்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்று இருக்கிறார்கள். கௌர்னா மக்களின் நில உரிமையைக் கூட்டாட்சி நீதிமன்றம் 2018இல் ஏற்றது. 1840இல் இரண்டு ஜெர்மன் மிஷனரிகள் அச்சிட்ட இலக்கணத்தையும் சொற்பட்டியலையும் கொண்டு அவர்கள் தங்கள் மொழியை மீண்டும் பேசிப் பழகுகிறார்கள். மகளின் கட்டுரையில் அவர்களை இறந்தகாலத்தில் எழுதவிடாதீர்கள். குடும்பம் இருந்த மாவட்டத்தில் நடந்ததை அறிய, ஆதிக்குடிகள் பாதுகாவலராக 1839 முதல் 1856 வரை இருந்த மாத்யூ மூர்ஹவுஸின் அறிக்கைகளைப் பார்க்கலாம். சில பகுதிகள் பன்னிரண்டு வயதுக் குழந்தை படிக்கத் தக்கவை அல்ல. முதலில் நீங்கள் படியுங்கள்.

1839இல் கப்பலேறி வந்தவரின் மனைவியைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. பெட்டியிலும் அந்தப் பைபிள் பக்கத்தைத் தவிர அவருக்கென்று எதுவும் இல்லை போலிருக்கிறது. இருபது வயதையொட்டிக் கப்பலேறி, ஒன்பது பெற்று, மூன்றைப் புதைத்து, கணவரின் ஒவ்வொரு இடமாற்றத்திலும் அடுப்பைப் புதிதாகக் கட்டிய பெண். 1888இல் வந்த செய்தித் துண்டை மறுபடி படியுங்கள். மனைவியை விட்டுச்சென்றதாக இருந்தால் அவர் அப்போது உயிரோடு இருந்தார். 1894 டிசம்பரில் தென் ஆஸ்திரேலியா பெண்களுக்கு வாக்குரிமையையும் வேட்பாளராக நிற்கும் உரிமையையும் சேர்த்தே கொடுத்தது. 1896 ஏப்ரலில் அவர்கள் முதன்முறை வாக்களித்தார்கள். அந்தக் கிழவி அதுவரை இருந்திருந்தால் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கக்கூடும். பைபிளுக்கு வெளியே, தாயாகவோ மனைவியாகவோ இல்லாமல், தன் பெயரில் அவர் நிற்கும் முதல் அரசுப் பதிவாக அது இருக்கலாம். அதே சட்டம் ஆதிக்குடிப் பெண்களுக்கும் பொருந்தியது. பாயின்ட் மெக்லே மிஷனில் இருந்த பெண்கள் 1896இல் வாக்களித்தார்கள். பின்னர் கூட்டாட்சித் தேர்தல்களில் வாக்களிக்கும் உரிமை ஆதிக்குடிகளில் பெரும்பாலானவர்களுக்கு மறுக்கப்பட்டது.

ஒரு சிறு எச்சரிக்கை. அக்காலத் தென் ஆஸ்திரேலிய இறப்புச் சான்றில் பெற்றோர் பெயர் இருக்காது. விக்டோரியாவில் இறந்தவர்களுக்கு இருக்கும். எனவே மூத்தவருக்குச் சான்று வாங்கி ஏமாறுவதற்கு முன், அவர் பிள்ளைகளில் யாராவது தங்கத்துக்காகப் போய் விக்டோரியாவிலேயே தங்கி இறந்தார்களா என்று விசாரியுங்கள். அந்தப் பிள்ளையின் சான்றில் தாயின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயரும் கிடைக்கும்.

மருமகள் இதைக் கிளறலாமா என்று கேட்டீர்கள். பெட்டியை உங்கள் கையில் கொடுத்தவர் மாமனார். அவருடைய சொந்தப் பிள்ளைகளிடம் அவர் கொடுக்கவில்லை. அல்லது கொடுத்தும் யாரும் திறக்கவில்லை. அவருக்குத் தெரியாமல் தேடாதீர்கள், அவ்வளவுதான். முதல் வேலையாக ஒரு மாலை அவரை உட்காரவைத்து, கதையை அவர் சொல்கிறபடியே, குறுக்கே திருத்தாமல் ஒலிப்பதிவு செய்யுங்கள். யாரிடம் கேட்டார், எந்த வயதில் கேட்டார் என்பதையும் கேளுங்கள். இலவசப் பயணப் பதிவேட்டில் பெயர் கிடைத்தால் மகள் பள்ளியில் வாசிப்பதற்கு முன் அவரிடம் காட்டுங்கள். அவருக்கு முதலில் வருத்தமாக இருக்கலாம். எட்டு ஷில்லிங் கூலியில் இருந்தவர் சொந்தக் காசில் வந்தார் என்ற கதையைவிட, பிழைக்க வழியில்லாமல் கர்ப்பிணி மனைவியோடு கப்பலேறினார் என்பது அவரைச் சிறுமைப்படுத்தாது என்று எடுத்துச் சொல்லுங்கள். நில விஷயத்தை அவர் ஏற்க மறுத்தால் வாதாட வேண்டாம். 1836ஆம் ஆண்டுச் சாசனத்தின் அந்த வரியை அச்செடுத்து அவர் கையில் கொடுங்கள். அரசர் முத்திரையிட்ட சொற்களை அவரே படிக்கட்டும். மகளின் கட்டுரையில் தாத்தா சொன்னது ஒரு பகுதியாகவும், பதிவேடுகள் சொல்வது இன்னொரு பகுதியாகவும், எது எங்கிருந்து வந்தது என்ற குறிப்போடு இருக்கட்டும்.

கடைசியாக, பைபிள் பக்கத்தை லேமினேட் செய்யப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். சூடும் பசையும் பழைய காகிதத்தை மீட்க முடியாதபடி கெடுத்துவிடும். இருபுறமும் நல்ல தெளிவில் படமெடுத்து, அமிலம் இல்லாத தாளுறையில் வைத்து, தகரப் பெட்டியை விட்டு வெளியே, ஈரமில்லாத அலமாரியில் வையுங்கள். ஒப்பந்தக் காகிதத்தின் மடிப்பை வலுக்கட்டாயமாக விரிக்க வேண்டாம். மாநில நூலகத்தில் காகிதப் பாதுகாப்புப் பிரிவினரிடம் ஒரு முறை காட்டிக் கேளுங்கள்.

அன்புடன்.